ஈறில் ரத்தம் வந்தால் எதிர்ப்பு சக்தி குறைந்துவிட்டது என்று அர்த்தமா?

திண்டுக்கல் மாவட்டத்திலிருந்து எழுதியிருக்கும் சகோதரிக்கு வயது 51. வீட்டிலேயே தையல் தொழில். எட்டு வருடமாகச் சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். கடைசியாகப் பார்த்த மூன்று மாத சராசரி, அதாவது ஹெச்பிஏ1சி, 8.4. இரண்டு வருடமாக ரத்த அழுத்தத்துக்கு ஆம்லோடிபின். தூசு ஒவ்வாமைத் தும்மலுக்கு, மருந்துக்கடையில் தானே கேட்டு வாங்கி, ஒரு வருடமாக ராத்திரிதோறும் லெவோசெட்ரிசின்.

ஆறு மாதமாகப் பல் தேய்த்தால் ரத்தம். முன்பற்களுக்கு நடுவே ஈறு உப்பியிருக்கிறது. ராத்திரி இரண்டு முறை எழுந்து தண்ணீர் குடிக்கும் அளவுக்கு வாய் வறள்கிறது. இரண்டு மாதமாகக் காரம் பட்டால் வாய் முழுக்க எரிகிறது. ரத்தம் வரும் இடத்தில் பிரஷ் படாமல் பார்த்துக்கொள்கிறார். அங்கே உப்பும் கிராம்புத் தூளும் வைத்துத் தேய்க்கிறார். ஐந்து மாதமாகக் குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் தினம் மூன்று வேளை. இரண்டு தடவை கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டார். ஒரு வாரம் அடங்கி, திரும்ப வந்தது. பல் மருத்துவர் நான்கு அமர்வுகளில் ஆழமாகச் சுத்தம் செய்ய வேண்டும், இரண்டு கடைவாய்ப் பற்களை எடுக்க நேரலாம் என்றிருக்கிறார். "கிளீனிங் செய்தால் இருக்கிற பல்லும் ஆடிவிடும்" என்று பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறார்கள்.

அவருடைய கேள்விகள்: "என் எதிர்ப்பு சக்தி குறைந்துவிட்டதா? வைட்டமின் சி, ஜிங்க், ஒரு டானிக் மூன்றும் எடுக்கிறேன், வேறு என்ன எடுக்கலாம்? கிளீனிங்கைத் தவிர்க்க முடியுமா? வெறும் வெற்றிலை பாக்குதான் போடுகிறேன், புகையிலை கிடையாது, அதில் தவறில்லையே? என் கணவர் முப்பது வருடமாக பீடி பிடிக்கிறார், அவருக்கு ஈறில் ரத்தமே வருவதில்லை. அவருக்கு எதிர்ப்பு சக்தி அதிகமா?"

அன்புள்ள சகோதரி,

உங்கள் எதிர்ப்பு சக்தி ஓய்ந்து போனதால் ரத்தம் வரவில்லை. ஓய்வில்லாமல் வேலை செய்வதால்தான் வருகிறது. இந்த ஒன்று பிடிபட்டால், எதை நிறுத்துவது, எதைத் தொடங்குவது என்பது உங்களுக்கே விளங்கிவிடும். அதனால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

சுவரைத் துளைத்துக் குழாய் போட்ட இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சுவர் எவ்வளவு உறுதியாக இருந்தாலும் ஓதம் இறங்குவது அந்தக் குழாயைச் சுற்றித்தான். நம் உடம்பின் மேல்தோலைத் துளைத்துக்கொண்டு ஒரு கடினமான பொருள் வெளியே நிற்கும் இடம் பல். 700-க்கும் மேற்பட்ட வகை நுண்ணுயிர்கள் வாழக்கூடிய வாயில் அப்படி 28, 32 துளைகள். ஒவ்வொரு பல்லின் கழுத்தையும் மெல்லிய திசு ஒன்று வளையமாக ஒட்டி மூடுகிறது. அந்தத் திசுவின் செல்கள் நெருக்கமாக அடுக்கப்பட்டவை அல்ல. இடைவெளி விட்டே இருக்கின்றன. ரத்தத்திலிருந்து வெள்ளணுக்கள் அந்த இடைவெளி வழியாக எந்நேரமும் வெளியே வந்து காவல் நிற்கின்றன. ஆரோக்கியமான வாயிலேயே நிமிடத்துக்குச் சுமார் 30,000 வெள்ளணுக்கள் இப்படி வந்து சேர்வதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

பல் ஓரத்தில் அழுக்குப் படலம் சேர்ந்தால் இந்த வரத்து கூடும். கூடுதல் அணுக்களைக் கொண்டுவர ஈறின் ரத்தக் குழாய்கள் விரியும், உள்பக்கத் தோல் மெலியும். அந்த நிலையில் பிரஷ் பட்டால் ரத்தம். படலம் அகலாமல் மாதக்கணக்கில் அங்கேயே இருந்தால், வெள்ளணுக்கள் கிருமியைக் கரைக்கக் கக்கும் நொதிகள் உங்கள் சொந்த நார்த்திசுவையும் கரைக்கின்றன. அழற்சி தரும் சைகைகளால் எலும்பைக் கரைக்கும் செல்கள் விழித்துக்கொண்டு பல்லைத் தாங்கும் எலும்பை அரிக்கின்றன. அந்த எலும்பை நேரடியாகக் கிருமி தின்பதைவிட, கிருமியை விரட்டப் போன நம் ஆட்களே இடித்துவிடுவதுதான் அதிகம்.

அப்படியிருக்க, எதிர்ப்பு சக்தியைக் "கூட்ட" மாத்திரை தேடுவதில் என்ன பயன்? அது எதோடு மல்லுக்கட்டுகிறதோ அதை அங்கிருந்து அகற்ற வேண்டும். 1965-ல் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் ஹரால்ட் லோவும் அவர் குழுவினரும் ஆரோக்கியமான 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் சொன்னார்கள். பத்து நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள் 12 பேருக்கும் ஈறு வீங்கியது. மறுபடி துலக்க ஆரம்பித்ததும் ஒரு வாரம் போலச் சரியாகிவிட்டது. சரியாக்கியது துலக்கியதுதான், சத்து மாத்திரை அல்ல.

ரத்தம் வரும் இடத்தை விட்டுவிட்டுத் துலக்குவதால், அந்தப் பரிசோதனையின் முதல் பாதியை ஆறு மாதமாக உங்கள் வாயில் நீங்களே நடத்திக்கொண்டிருக்கிறீர்கள். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. ரத்தத்தைப் பார்த்தால் கை தானாகப் பின்வாங்கும். ஆனால் அந்த இடம்தான் பிரஷ்ஷுக்காகக் காத்திருக்கிறது.

எச்சில்: நீங்கள் கவனிக்காமல் விட்ட மருந்து

ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர்வரை உமிழ்நீர் சுரக்கிறது. அதில் இருக்கும் ஐஜிஏ என்ற எதிர்ப்பொருள் கிருமிகளைக் கொத்தாகக் கட்டி, பல்லில் ஒட்டவிடாமல் விழுங்க வைக்கிறது. லைசோசைம் கிருமியின் சுவரை உடைக்கிறது. லாக்டோஃபெரின் கிருமிக்குத் தேவையான இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஹிஸ்டாட்டின் பூஞ்சையை அடக்குவதோடு புண் ஆறவும் துணை செய்கிறது. கன்னத்தைக் கடித்துக்கொண்ட காயம் கையில் பட்ட காயத்தைவிடச் சீக்கிரம், தழும்பில்லாமல் ஆறுவதில் எச்சிலுக்குப் பங்கு உண்டு. தூக்கத்தில் யாருக்குமே சுரப்பு வெகுவாகக் குறையும். உங்களுக்கு அதற்கு மேல், சர்க்கரை ஏறி நிற்பதும் ராத்திரி லெவோசெட்ரிசினும் சேர்ந்து இருப்பதையும் வற்ற வைக்கின்றன. மூக்கடைப்பால் வாய் திறந்து தூங்கினால் இன்னும் மோசம்.

ஒரு பிடி பொரிகடலையைத் தண்ணீர் தொடாமல் மென்று விழுங்கிப் பாருங்கள். மாவாகி அண்ணத்தில் அப்பிக்கொண்டு இறங்க மறுத்தால், சுரப்பு போதவில்லை என்று கொள்ளலாம். மருத்துவமனையில் இதைச் சரியாக அளப்பார்கள்: ஐந்து நிமிடம் எதையும் மெல்லாமல் ஊறும் எச்சிலை ஒரு குப்பியில் துப்பச் சொல்வார்கள். அரை மில்லிக்கும் குறைவாக இருந்தால் அது நோய்நிலை வறட்சி.

ஒவ்வாமைக்கு ஒரு வருடமாக நீங்களே மாத்திரை போடுவது சரியில்லை. காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். மூக்கில் அடிக்கும் மருந்து போதுமானால் தினசரி மாத்திரை தேவைப்படாமல் போகலாம். அதுவரை பகலில் அடிக்கடி ஒரு மிடறு தண்ணீர், சாப்பாட்டுக்குப் பிறகு சைலிட்டால் கலந்த, சர்க்கரை இல்லாத சூயிங்கம். புளிப்பு மிட்டாய் வேண்டாம். எச்சில் ஊறும்தான், ஆனால் வறண்ட வாயில் அந்தப் புளிப்பு பல்லை அரிக்கும். நீங்கள் சப்பும் வைட்டமின் சி மாத்திரைக்கும் இதே கதிதான். வைட்டமின் சி குறைந்தால் ஈறில் ரத்தம் வரும் என்பது உண்மை. ஆனால் நெல்லிக்காயும் கொய்யாவும் சாப்பிடுகிறவருக்கு அந்தக் குறை வருவது அபூர்வம். ஜிங்க்கை மாதக்கணக்கில் அதிகமாக எடுத்தால் உடம்பில் செம்புச் சத்து குறையும். டானிக் பாட்டிலைத் திருப்பி அதில் எவ்வளவு சர்க்கரை என்று படியுங்கள். மூன்றையுமே நிறுத்தலாம் என்பது என் கருத்து.

ஆம்லோடிபினும் மவுத்வாஷும்

முன்பற்களுக்கு நடுவே ஈறு முக்கோணமாக உப்புவது ஆம்லோடிபின் சாப்பிடும் சிலருக்கு வரும் பக்கவிளைவு. அழுக்குப் படலம் இருந்தால் அது இன்னும் பெருக்கும். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அழுத்தம் திடீரென ஏறினால் ஈறு வீக்கத்தைவிடப் பல மடங்கு ஆபத்து. "ஈறு வீங்குகிறது, வேறு வகை மாத்திரைக்கு மாற்ற முடியுமா?" என்று மருந்து எழுதிய மருத்துவரிடம் கேளுங்கள். டெல்மிசார்டன் போன்ற வேறு வகைகள் இருக்கின்றன. எது பொருந்தும் என்பதைச் சிறுநீரகப் பரிசோதனையைப் பார்த்து அவர் முடிவு செய்வார். மாற்றினாலும் ஈறு வற்றச் சில வாரங்களிலிருந்து சில மாதங்கள் ஆகும். நன்றாகச் சுத்தம் செய்தாலே பாதி இறங்குவதும் உண்டு.

மவுத்வாஷ் விஷயத்தில் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 0.2 சதவீதக் குளோர்ஹெக்சிடின் நல்ல மருந்து. 10 மில்லி, காலை மாலை இரு வேளை, ஒரு நிமிடம், வழக்கமாக இரண்டு வாரம். அதுவும் பற்பசை போட்டுத் துலக்கி அரை மணி நேரம் கழித்து. உடனே கொப்பளித்தால் பற்பசையின் நுரைப்பொருள் மருந்தை முறித்துவிடும். ஐந்து மாதம் தொடர்ந்தால் பல்லில் பழுப்புக் கறை படியும், நாக்கின் ருசி மாறும், காரையும் (பல்லில் கல் போல இறுகிய அழுக்கு) கூடுதலாகப் படியும். பழுத்துக் கிடக்கும் ஈறின் ஆழத்துக்கோ அது போய்ச் சேராது.

வாயில் இருக்கும் எல்லாக் கிருமியும் எதிரி அல்ல. கீரையிலும் பீட்ரூட்டிலும் உள்ள நைட்ரேட்டை நாக்கின் பின்புறம் வாழும் சில பாக்டீரியாக்கள் நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அது உள்ளே போய் நைட்ரிக் ஆக்சைடாகி ரத்தக் குழாயைத் தளர்த்துகிறது. கடுமையான மவுத்வாஷால் அந்த பாக்டீரியாக்கள் அழிந்து, ரத்த அழுத்தம் சிறிதளவு ஏறியதைச் சில சிறிய ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். அழுத்தத்துக்கு ஒரு கையால் மாத்திரையும் இன்னொரு கையால் இந்தப் பாட்டிலும் எடுப்பது எதற்கு? இன்றே நிறுத்தலாம். கொப்பளிக்க வேண்டும் போலிருந்தால் ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பு போதும். உப்பையும் கிராம்பையும் வைத்துத் தேய்க்க வேண்டாம். உப்புப் பரல் பல்லின் வேரைச் சுரண்டும், கிராம்பின் எண்ணெய் ஈறைப் பொசுக்கும்.

ஆன்டிபயாடிக் ஏன் ஒரு வாரத்துக்கு மேல் நிற்கவில்லை? பல்லில் இருக்கும் படலம் பிசின் போன்ற கூட்டுக்குள் அடுக்கடுக்காக வாழும் குடியிருப்பு. காரையாக இறுகியும் கிடக்கிறது. சுரண்டி எடுக்காமல் மாத்திரை மட்டும் போட்டால் மேலடுக்கு சாகும், மீதி திரும்ப முளைக்கும். இனிமேல் சீட்டு இல்லாமல் கடையில் வாங்காதீர்கள். அதனால் வரும் பூஞ்சைத் தொந்தரவு உங்கள் எரிச்சலுக்கு ஒரு காரணமாகக்கூட இருக்கலாம்.

கிளீனிங்: ஏன், எப்படி, என்ன கேட்க வேண்டும்

நோய் முற்றிய வாயில் ஈறுக்கு உள்பக்கம் ரணமாகிக் கிடக்கும் பரப்பைச் சேர்த்தால் 8 முதல் 20 சதுர சென்டிமீட்டர்வரை வரும் என்று மதிப்பிடுகிறார்கள். ஏறக்குறைய ஒரு தீப்பெட்டியின் முகப்பு. அந்த அளவு புண் காலில் இருந்தால் ஒரு நாள் பொறுப்போமா? அங்கிருந்து அழற்சிப் பொருள்கள் ரத்தத்தில் கலந்து இன்சுலினின் வேலையைக் கெடுக்கின்றன. சர்க்கரை ஏற ஏற ஈறு மேலும் கெடுகிறது. ஆழமான கிளீனிங் செய்தால் ஹெச்பிஏ1சி மூன்று, நான்கு மாதத்தில் சராசரியாக 0.43 அளவு இறங்குகிறது என்பது, பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த காக்ரேன் தொகுப்பின் (2022) முடிவு. உங்கள் 8.4-க்கு அது சின்ன லாபம் இல்லை. மெட்ஃபார்மினுக்குப் பதிலாக அல்ல, அதோடு கூட. இதய நோயையும் ஈறு நோயையும் சேர்த்துப் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். இரண்டும் சேர்ந்து காணப்படுகின்றன. ஒன்றால்தான் மற்றது என்று நிரூபணமாகவில்லை. அந்தப் பயத்தில் முடிவெடுக்க வேண்டாம்.

பல் ஆடிவிடும் என்று பக்கத்து வீட்டில் சொன்னது எங்கிருந்து வந்தது என்பதும் தெரிகிறது. எலும்பு ஏற்கெனவே கரைந்துபோன பற்களைக் காரைதான் சிமென்ட் பூசினாற்போலப் பிடித்து வைத்திருக்கும். அதை எடுத்ததும் இருந்த ஆட்டம் வெளியே தெரியும். வீக்கம் வற்றியதும் பற்களுக்கு நடுவே இடைவெளி தெரியும், சில வாரம் குளிர்ந்த தண்ணீர் கூசும். பிறகு திசு இறுகி, ஆட்டம் பெரும்பாலும் குறையும். (நூலைப் பல்லால் கடித்து அறுக்கும் வழக்கம் இருந்தால், கத்தரிக்கோலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆடும் முன்பல்லுக்கு அந்த இழுப்பு ஆகாது.)

கிளீனிங்கை மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. சம்மதமில்லாமல் யாரும் பல்லைத் தொட முடியாது. ஆனால் மறுத்தால் எலும்பு தொடர்ந்து கரையும், போன எலும்பு தானாக வளராது. அதனால் மறுப்பதை விட்டுவிட்டு, கேட்க வேண்டியதைக் கேளுங்கள். ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஆறு இடத்தில் ஈறின் ஆழத்தை அளந்து எழுதியிருக்கிறார்களா? 1 முதல் 3 மி.மீ. இயல்பு. 4-க்கு மேல், அதோடு ரத்தமும் வந்தால் சிகிச்சை தேவை. எக்ஸ்ரேயைக் காட்டி, எலும்பு எங்கே நிற்கிறது என்று விரல் வைத்து விளக்கச் சொல்லுங்கள். இரண்டின் நகலையும் வாங்கி வையுங்கள்.

இரண்டு கடைவாய்ப் பற்களை எடுப்பதைப் பற்றி: எலும்பு வேர் நுனிவரை போய், அழுத்தினால் பல் மேலும் கீழும் போகிறது என்றால் தாமதிப்பதில் பலன் இல்லை. அப்படி இல்லையென்றால், கிளீனிங் முடிந்து ஆறிலிருந்து எட்டு வாரத்தில் மறுபடி அளந்துவிட்டு முடிவெடுக்கலாமா என்று கேளுங்கள். நியாயமான கோரிக்கை அது. மறு அளவிலும் 6 மி.மீ. அல்லது அதற்கு மேல் நின்று ரத்தமும் வரும் இடங்களுக்குத்தான் ஈறைத் திறந்து செய்யும் அறுவை பற்றிப் பேச வேண்டிவரும். செலவு யோசனையாக இருந்தால், பல் மருத்துவக் கல்லூரிகளின் ஈறு நோய்ப் பிரிவில் முதுநிலை மாணவர்கள் பேராசிரியர் மேற்பார்வையில் இதைச் செய்கிறார்கள். அவசரமில்லாமல், முழுமையாகச் செய்வார்கள்.

8.4 இருப்பதால் கிளீனிங்கைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. காலை நேரத்தில் போங்கள். இட்லியோ எதுவோ வழக்கம்போலச் சாப்பிட்டு, வழக்கமான மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு போங்கள். வெறும் வயிற்றில் போய் மயங்குவதுதான் அடிக்கடி நடக்கிறது. அன்றைய சர்க்கரையையும் அழுத்தத்தையும் பார்ப்பார்கள். அழுத்தம் 180/110-ஐத் தாண்டியிருந்தால் வேறு நாள் சொல்வார்கள். மரத்துப்போக ஊசி போட்டுத்தான் செய்வார்கள் என்பதால் வலியை நினைத்துக் கலங்காதீர்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது

மென்மையான பிரஷ், பட்டாணி அளவு ஃப்ளோரைடு பற்பசை. பிரஷ்ஷைப் பல்லும் ஈறும் சேரும் கோட்டில் சாய்வாக, 45 டிகிரியில் வையுங்கள். பிரஷ்ஷின் இழைகள் ஈறின் விளிம்புக்கடியில் லேசாக நுழையட்டும். இழுத்துத் தேய்க்காமல் அங்கேயே சின்னச் சின்ன அதிர்வாக அசைத்து, அடுத்த இரண்டு பல்லுக்கு நகருங்கள். இரண்டு நிமிடம், இரண்டு வேளை. ராத்திரி துலக்கிய பிறகு தண்ணீர் மட்டும்.

பற்களின் இடுக்குக்குப் பிரஷ் போகாது. உங்கள் பிரச்சினை அங்கேதான். பாட்டில் கழுவும் பிரஷ்ஷின் குட்டி வடிவம் போல இடைப்பல் பிரஷ் கிடைக்கிறது. இலேசான பிடிமானத்தோடு நுழையும் அளவு சரி. தளர்வாகப் போனால் அந்த பிரஷ் அளவில் சிறியது, திணிக்க வேண்டியிருந்தால் அளவில் பெரியது என்று அர்த்தம். சரியான அளவை மருத்துவரே வைத்துக் காட்டுவார். ஒரே வாயில் இரண்டு அளவு தேவைப்படுவது சகஜம். பற்பசை தொடாமல் ஒவ்வொரு இடுக்கிலும் இரண்டு, மூன்று முறை. முதல் நாட்களில் ரத்தம் கூடுதலாக வரும். நிறுத்திவிடாதீர்கள். மேலோட்டமான இடங்களில் ஓரிரு வாரத்தில் குறைந்துவிடும். அதன் பிறகும் எங்கே வருகிறது என்று கவனித்துச் சொல்லுங்கள். பெரும்பாலும் அங்கேதான் ஆழம் இருக்கும். சிகிச்சை முடிந்தும் ஆரம்பத்தில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

காரம் எரிவதை முதலில் பாருங்கள்

கடிதத்தில் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போன இதுதான் என்னை அதிகம் யோசிக்க வைக்கிறது. வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று வாயைத் திறந்து பாருங்கள். வெள்ளையாகப் படிந்திருப்பது துணியால் துடைத்தால் வந்து, அடியில் சிவந்திருந்தால் பூஞ்சையாக இருக்கலாம். வறண்ட வாய், சர்க்கரை, ஆன்டிபயாடிக் மூன்றும் சேர்ந்தால் அது சுலபமாக வரும், மருந்தில் அடங்கிவிடும். நாக்கு வழவழவென்று சிவந்திருந்தால் பி12 அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். மெட்ஃபார்மினை வருடக்கணக்கில் சாப்பிடுவோரில் சிலருக்கு அது குறையும்.

மூன்றாவது காரணம் பாக்கு. புகையிலை இல்லாவிட்டால் தவறில்லை என்பது பலரும் நம்புவது, ஆனால் சரியல்ல. புகையிலை சேராத பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004-லேயே வகைப்படுத்திவிட்டது. பாக்கு, கன்னத்தின் உள்தோலுக்கு அடியில் நாரை இறுக்கும். அந்த நோயின் ஆரம்பமே காரம் எரிவதுதான். பிறகு வாய் திறப்பது குறையும். உங்கள் நடு மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக, செங்குத்தாக முன்பற்களுக்கு நடுவே நுழைத்துப் பாருங்கள். நுழையாவிட்டாலோ, கன்னத்தின் உள்பக்கம் வெளுத்து விறைப்பாக இருந்தாலோ, துடைத்தும் போகாத வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு இருந்தாலோ, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண் இருந்தாலோ, கிளீனிங் தேதிக்குக் காத்திருக்காமல் இந்த வாரமே காட்டுங்கள். தேவைப்பட்டால் துளி சதை எடுத்துச் சோதிப்பார்கள். எது எப்படியிருந்தாலும் பாக்கை விட்டுவிடுங்கள். சாப்பாட்டுக்குப் பிறகு வாய் கேட்டால் சோம்பு போதும்.

உங்கள் கணவரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அவருக்கு எதிர்ப்பு சக்தி அதிகம் என்று அர்த்தமில்லை. புகை பிடிப்பவர்களின் ஈறில் ரத்த ஓட்டமும் அழற்சியும் அமுங்கியே இருக்கும். வெள்ளணுக்களும் சரியாக வேலை செய்யாது. அதனால் உள்ளே எலும்பு கரைந்துகொண்டிருக்கும்போதே வெளியே ரத்தம் வராமலே போகலாம். ஈறு வெளுத்து, கெட்டியாக, நன்றாக இருப்பது போலவே தெரியும். ரத்தம் உங்களை ஆறு மாதத்தில் கடிதம் எழுத வைத்துவிட்டது. அவருக்கு அந்த எச்சரிக்கையும் கிடைக்கவில்லை. நீங்கள் போகும் அன்று அவரையும் கூட்டிக்கொண்டு போய், அவர் ஈறையும் அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.